பிஜிப் படங்களில் நிற்பவர்களுக்குப் பெயர் உண்டு: ஒரு திறந்த மடல்

குடியேற்ற ஆட்சிக்காலத்துப் பசிபிக் தீவுப் படங்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் ஆஸ்திரேலிய நூலகம் ஒன்றின் நிர்வாகக் குழுவினருக்கு,

பிஜி நாட்டில் பா நகரத்துக்கு அருகே வசிக்கும் ஒரு குடும்பத்துக்கு நீங்கள் அனுப்பிய பதில் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. உங்கள் தொகுப்பிலுள்ள ஒரு படத்தில் நிற்பவர் தங்கள் குடும்பத்தின் மூத்த பெண் என்றும், படத்தின் குறிப்பில் அவர் பெயரைச் சேர்க்க வேண்டும் என்றும் அவர்கள் கேட்டிருந்தார்கள். குடும்ப நினைவைச் சான்றாக ஏற்பதில்லை, மூலக் குறிப்பை மாற்றுவதில்லை என்று முடிவெடுத்து எழுதிவிட்டீர்கள். 'நகையணிந்த கூலிப் பெண், பிஜி' என்ற வரி அந்தப் படத்தின் கீழே அப்படியே இருக்கிறது.

இந்த முடிவு தவறானது. அதை நீங்கள் மாற்ற வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன். உங்கள் நிறுவனத்தின் பெயரை இங்கே நான் சொல்லவில்லை. பசிபிக் மக்களின் படங்களை அடுக்கி வைத்திருக்கும் வேறு சிலருக்கும் இந்தக் கடிதம் பொருந்தும் என்பதால் அவர்களும் படிக்கட்டும்.

நான் யார் என்று கேட்பீர்கள். வேலூர்ப் பகுதியில் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய தாலுகா எல்லைகளும் ஊர்ப் பெயர்களும் நில ஆவணங்களும் எனக்குப் பழக்கம். அதனால் பிஜியிலிருந்தும், அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போய்விட்டவர்களிடமிருந்தும் எனக்குக் கடிதங்கள் வருகின்றன. முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகப் பிஜிக்குக் கப்பலேறியபோது கொடுக்கப்பட்ட எமிக்ரேஷன் பாஸின் (குடிபெயர்வு அனுமதிச் சீட்டின்) நகலை அனுப்பி, இந்த ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். குடியாத்தம், போளூர், ஆரணி, வந்தவாசி என்று அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துத் தாலுகாக்களின் பெயர்கள் அந்தப் பாஸ்களில் திரும்பத் திரும்ப வரும். சித்தூர் மாவட்டம் பிரிந்தது 1911-இல். அதற்கு முன்பு போனவர்களுடைய பாஸில் வட ஆற்காடு என்றிருந்தாலும் ஊர் இன்றைக்கு ஆந்திராவில் இருக்கலாம். இப்படிச் சரிபார்த்து ஊரைக் கண்டுபிடித்துச் சொல்வது என் வேலையாகிவிட்டது. ஊர் கிடைத்ததும் அவர்கள் வந்து ஏரிக்கரையில் நின்று அழுவதையும், அந்த மண்ணை ஒரு டப்பாவில் எடுத்துப் போவதையும் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பாஸில் என்னென்ன இருக்கும் என்பதை உங்கள் குழுவில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்களோ தெரியாது. கப்பலின் பெயர், டிப்போ (கப்பலேறும் முன் கூலிகளைத் தங்க வைத்த முகாம்) எண், பதிவு நடந்த இடம், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, நெருங்கிய உறவினர், மாவட்டம், தாலுகா, கிராமம். பிறகு உயரம், அடியும் அங்குலமுமாக. பிறகு உடம்பிலுள்ள அடையாளங்கள்: நெற்றித் தழும்பு, முழங்கால் வடு, பச்சை குத்தியது. ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதி வைத்த அடையாளங்கள் அவை. பிஜி பாஸ்களில் புகைப்படம் ஒட்டப்படவில்லை. மொரீஷியசில் ஒப்பந்தக் கூலிகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஒவ்வொருவராக உட்கார வைத்துப் படமெடுத்தார்கள். அந்த முகங்களை அவர்களுடைய வாரிசுகள் இன்று மோகாவிலுள்ள காப்பகத்தில் பார்க்க முடிகிறது. பிஜிக்குப் போனவர்களின் வாரிசுகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சுவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பெயர்கள் இருக்கின்றன, முகங்கள் இல்லை. முகங்கள் உங்களிடம் இருக்கின்றன. வெலிங்டனிலும் லண்டனிலும் இருக்கின்றன. அவற்றோடு பெயர்கள் இல்லை.

இரண்டையும் சேர்த்து வைக்கக்கூடியவர்கள் யார்? அந்த மக்களுடைய பேரப்பிள்ளைகள்தாம். அவர்களைத்தான் நீங்கள் சான்றில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்.

பா குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். அந்த வீட்டில் எண்பதைக் கடந்த மூதாட்டி ஒருவர் இருக்கிறார். வீட்டில் எல்லோரும் பிஜி இந்தியும் ஆங்கிலமும் பேசுகிறார்கள். அவருக்கு மட்டும் கொஞ்சம் தமிழ் மிச்சமிருக்கிறது. அவருடைய அப்பாவைப் பெற்ற பாட்டி, இருபது வயதில் மதராஸ் டிப்போவிலிருந்து கப்பலேறியவர். பேரன் ஒருவன் உங்கள் இணையத் தொகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மூதாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு படம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். தகரக் கூரை போட்ட கூலி லைன் (கூலிகளுக்கான வரிசைக் குடியிருப்பு) ஒன்றின் வாசல். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். மூக்கின் இரு பக்கமும் மூக்குத்தி, கையில் வெள்ளிக் காப்பு. கேமராவை நேராகப் பார்க்காமல் சற்றுத் தள்ளி நிற்கும் யாரையோ பார்க்கிறாள். அவளுக்குப் பின்னால் கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளே தட்டிக் கட்டிலின் ஒரு கால் தெரிகிறது. பத்தடிக்கு ஏழடி அறை அது. மூன்று ஆண்களுக்கு அல்லது ஒரு தம்பதிக்கும் பிள்ளைகளுக்கும் அவ்வளவுதான் இடம்.

"இது எங்க ஆயா" என்றாராம் மூதாட்டி. எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, இடது முன்கையைப் பாருங்கள், கோலம்போலப் பச்சை குத்தியிருக்கும், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தப் புள்ளிகளை எண்ணிக்கொண்டே தூங்குவேன் என்றிருக்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். நீங்கள் இலவசமாகக் காட்டும் சிறிய படத்தில் உங்கள் நிறுவனத்தின் முத்திரை குறுக்கே ஓடுகிறது. அது சரியாக அந்த முன்கையின் மேல் விழுந்திருந்தது. பச்சை இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும். கட்டினார்கள். தெளிவான பிரதி வந்தது. புள்ளிகளும் வளைவுகளும் மூதாட்டி சொன்னபடியே இருந்தன.

அதற்குப் பிறகுதான் பாஸின் நகலோடு என்னிடம் வந்தார்கள். ஊரைக் கண்டுபிடிக்கத்தான் கேட்டார்கள். நான் அடையாளங்கள் எழுதியிருந்த கட்டத்தைப் பார்த்தேன். இடது முன்கையில் பச்சை குத்தியிருக்கிறது என்று டிப்போ எழுத்தர் சாய்வான கையெழுத்தில் எழுதியிருந்தார்.

பச்சை குத்திய பெண்கள் வட ஆற்காட்டிலிருந்து நிறையப் பேர் போயிருப்பார்கள் என்று நீங்கள் சொல்லலாம். உண்மை. பாஸிலுள்ள அந்த ஒரு வரியை மட்டும் வைத்து நானும் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே ஒரு அரசு ஆவணம் இருக்கிறது. அந்தக் கையைத் தொட்டு வளர்ந்த, உயிரோடிருக்கும் ஒரு சாட்சி இருக்கிறார். படத்தைத் தெளிவாகப் பார்ப்பதற்கு முன்பே பச்சை எந்தக் கையில், எந்த வடிவில் இருக்கும் என்று அவர் சொல்லியிருக்கிறார். நிலத் தகராறுகளில் எல்லைக் கல் எங்கே இருந்தது என்று ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கி முடிவெடுத்த துறையில் இருந்தவன் நான். அங்கே இதைவிடக் குறைவான சான்றுகளை ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் 'மூலக் குறிப்பு' எதை ஆதாரமாகக் கொண்டது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் தீவுகளுக்குப் போன புகைப்படக்காரர்கள் வியாபாரத்துக்காகப் போனார்கள். 1884-இல் நியூசிலாந்தின் டனீடன் நகரத்து பர்ட்டன் சகோதரர்கள் நிறுவனத்திலிருந்து ஆல்ஃபிரட் பர்ட்டன் பிஜி, சமோவா, டோங்கா தீவுகளுக்குக் கப்பலில் போய்ப் படமெடுத்து வந்தார். ஆல்பத்துக்கும் அலங்காரத்துக்கும் விற்ற படங்கள் அவை. பிறகு அஞ்சலட்டைகள் வந்தன. வாங்குபவருக்கு அந்தப் பெண்ணின் பெயர் தேவைப்படவில்லை. ஆகவே யாரும் கேட்டு எழுதவில்லை. உங்கள் படத்தின் கீழேயுள்ள வரி, விற்பனைக்காக ஒட்டிய சீட்டில் இருந்தது. அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் எழுதியவருடைய வரி சான்றாகிறது. அந்தப் பெண்ணின் மடியில் வளர்ந்த பேத்தியின் சொல் சான்றாகவில்லை. இந்த அளவுகோல் எந்த வகையில் நியாயம்?

இது தமிழர்களின் குறை மட்டும் இல்லை. பிஜியின் பூர்வகுடி மக்களுடைய படங்களிலும் இதே கதைதான். 1874 அக்டோபர் 10 அன்று லெவுக்காவில் தீவுகளை பிரிட்டிஷ் அரசுக்கு ஒப்படைத்துக் கையெழுத்திட்ட தாக்கொம்பாவ் போன்ற தலைவர்களின் படங்களில் பெயர் இருக்கிறது. மீன் வலை பின்னும் பெண்ணுக்குப் பெயர் இல்லை. கையில் தண்டாயுதத்தைக் கொடுத்து நிற்க வைத்த ஆளுக்கு 'நரமாமிசம் தின்பவன்' என்று பெயரிட்டு விற்றிருக்கிறார்கள். அவர்களுக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பிஜிக்கு 1879 முதல் 1916 வரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். மதராஸ் டிப்போவிலிருந்து கப்பல் போகத் தொடங்கியது 1903-இல். அந்த வழியாகப் போனவர்கள் ஏறத்தாழ 15,000 பேர். ஐந்து வருட ஒப்பந்தம். ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ் என்று காகிதத்தில் எழுதியிருந்தது. குறித்த வேலையை முடிக்காவிட்டால் அது சட்டப்படி குற்றம். நீதிமன்றம், அபராதம், சிறை. 1920 ஜனவரி 1 அன்றுதான் எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின. வடக்கிலிருந்து போனவர்களின் 45,000-க்கும் மேற்பட்ட பாஸ்களை வரலாற்றாசிரியர் பிரிஜ் லால் ஒன்றொன்றாகப் புரட்டி ஆராய்ந்தார். 'கிர்மித்தியர்' எனப்படும் இந்த ஒப்பந்தக் கூலிகளின் வரலாற்றுக்கு அஸ்திவாரம் போட்ட வேலை அது. மதராஸ் பாஸ்களுக்கு அந்த அளவு உழைப்பு கிடைக்கவில்லை. ஆகவே தென்னிந்தியக் குடும்பங்களுக்குத் தங்கள் முன்னோரைத் தேடுவது இன்னும் கடினம். அவர்களுக்கு ஒரு படம் கிடைப்பது பெரிய விஷயம்.

உங்கள் நாட்டுக்கு இதில் மற்றவர்களைவிடக் கூடுதல் பொறுப்பு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். இந்த மக்களில் பெரும்பாலோர் வெட்டிய கரும்பு எந்த ஆலைக்குப் போனது? சிட்னியைத் தலைமையிடமாகக் கொண்ட சி.எஸ்.ஆர். சர்க்கரை நிறுவனத்தின் ஆலைகளுக்குத்தான். நவுசோரி, ரராவாய், லம்பாசா, லவுத்தோக்கா என்று அவர்கள் கட்டிய ஆலைகளைச் சுற்றித்தான் கூலி லைன்கள் எழுந்தன. 1973 வரை அந்த நிறுவனம் பிஜியில் இருந்தது. அதன் ஆவணங்கள் இன்று கான்பெராவில் நோயல் பட்லின் காப்பகத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன. ஒரு நாட்டில் உழைப்பு, இன்னொரு நாட்டில் காகிதம். பா நகரத்திலிருந்து ஒரு கரும்பு விவசாயியின் குடும்பம் விசா எடுத்து, விமான டிக்கெட் வாங்கி, தங்கிப் படித்து வருவது எளிதான காரியமா?

'முடியாது' என்று நீங்கள் சொல்ல இயலாத அளவுக்கு உங்கள் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. மத்திய ஆஸ்திரேலியாவின் அனங்கு பழங்குடியினருக்காக 1994-இல் தொடங்கிய 'ஆரா இரிதித்ஜா' திட்டத்தைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கெங்கோ சிதறியிருந்த படங்களின் பிரதிகள் அந்த மக்களிடமே திரும்பிப் போயின; யார் யாருடைய உறவு, எந்த இடம் என்று பெரியவர்கள் சொல்லச் சொல்லக் குறிப்புகள் சேர்ந்தன; யார் எதைப் பார்க்கலாம் என்பதையும் அவர்களே முடிவு செய்கிறார்கள். கனடாவின் தேசிய நூலகமும் காப்பகமும் 2002 முதல் இனுயிட் மக்களின் படங்களைப் பெரியவர்களிடம் காட்டிப் பெயர்களைச் சேர்த்து வருகின்றன. அங்கெல்லாம் குடும்ப நினைவு சான்றாக இருக்கிறது. பழைய குறிப்பும் அழியவில்லை. அது வரலாற்றுத் தடயமாகப் பக்கத்திலேயே நிற்கிறது. நாங்களும் அதை அழிக்கச் சொல்லவில்லை. அது அந்தப் பெண்ணின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கக் கூடாது என்கிறோம்.

எல்லாவற்றையும் இணையத்தில் கொட்டிவிடுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். பாஸ்களில் சாதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. பிஜியில் அந்தப் பேச்சைக் கடலிலேயே விட்டுவிட்டு வாழ்ந்த குடும்பங்கள் உண்டு. அதை வெளியிடலாமா என்று அவர்களைக் கேட்க வேண்டும். நீதிமன்றப் பதிவுகளிலும் மருத்துவமனைப் பதிவுகளிலும் பெண்களுக்கு நேர்ந்தவற்றைப் பற்றி எழுதப்பட்டிருப்பவை அந்தப் பெண்களின் வாரிசுகள் முதலில் தனியாகப் படிக்க வேண்டியவை. எதைத் திறப்பது, எதை மூடி வைப்பது என்ற பேச்சில் அவர்களுக்கு இடம் வேண்டும். இப்போது திறப்பதும் நீங்களே, மூடுவதும் நீங்களே.

கட்டணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1955 ஜனவரி 1-க்கு முன் எடுக்கப்பட்ட புகைப்படங்களுக்கு உங்கள் நாட்டில் பதிப்புரிமை கிடையாது. இந்தப் படம் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முந்தையது. எடுத்தவருக்கே உரிமை இல்லாத படத்துக்கு, அதில் நிற்பவரின் குடும்பத்திடம் நீங்கள் பணம் வாங்கியிருக்கிறீர்கள். ஒப்பந்தக் கூலிகளின் நினைவு நாளான கிர்மித் நாளைப் பிஜி அரசு 2023-இல் பொது விடுமுறையாக அறிவித்த பிறகு, ஊர் ஊராகக் கோயில் மண்டபங்களிலும் பள்ளிகளிலும் முன்னோரின் படங்களை வைத்து விளக்கேற்றுகிறார்கள். அப்படி ஒரு மண்டபத்தில் இந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு வைக்க அனுமதி கேட்டபோது, காட்சிப்படுத்தும் உரிமைக்கு இன்னொரு கட்டணம் என்று எழுதினீர்கள். ஒரு மாலை விளக்கேற்றிக் கும்பிடுவதைக் காட்சிப்படுத்துதல் என்று உங்கள் படிவம் வகைப்படுத்துகிறது. படிவத்தைத் திருத்துவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

பிஜி, கயானா, சுரினாம், டிரினிடாட் ஆகிய நாடுகளின் ஒப்பந்தக் கூலி ஆவணங்களை யுனெஸ்கோ 2011-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. உலகத்தின் நினைவு என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆவணம் அந்தக் குடும்பத்தின் பாஸ். அதன் நகலை உங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். உங்கள் பதிலில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. படித்தீர்களா என்பதையாவது தெரிவியுங்கள்.

இனி, உங்களிடம் நேரடியாகக் கேட்பவை.

அந்தப் படத்தின் குறிப்பைத் திருத்துங்கள். குடும்பத்தார் அடையாளம் கண்ட பெயரையும், எதை வைத்துக் கண்டார்கள் என்பதையும் முதல் வரியாக எழுதுங்கள். உங்களுக்கு ஐயம் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்; அதில் எங்களுக்கு வருத்தமில்லை. பழைய விற்பனை வரியைப் பழைய விற்பனை வரி என்று சொல்லிக் கீழே வையுங்கள்.

பசிபிக் தீவு மக்கள், கிர்மித்தியர் ஆகியோருடைய படங்கள் அனைத்தையும் முத்திரை இல்லாமல், முகமும் கையும் தெளிவாகத் தெரியும் அளவில், வாரிசுகளுக்கும் அந்தத் தீவுகளின் பள்ளிகளுக்கும் கோயில்களுக்கும் தேவாலயங்களுக்கும் கட்டணமின்றிக் கொடுங்கள். அந்தக் குடும்பத்திடம் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

படங்களை அச்செடுத்து பிஜிக்கு அனுப்புங்கள். இணையத்தில் இருக்கிறது என்று சொன்னால் போதாது; பெயர் சொல்லக்கூடியவர்களில் பலர் கணினி தொடாதவர்கள். 1926-இல் நாடியில் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்துக்குத் தீவெங்கும் பள்ளிகளும் கோயில்களும் இருக்கின்றன. சுவாவின் தேசிய ஆவணக் காப்பகமும் பிஜி அருங்காட்சியகமும் இருக்கின்றன. அவர்களோடு ஒப்பந்தம் செய்து, பெரியவர்களிடம் படங்களைக் காட்டிக் கேட்டு எழுதுவதற்கு ஆட்களை நியமியுங்கள். அவர்களுக்குச் சம்பளமும் நீங்களே கொடுங்கள். கூலி லைனில் பிறந்தவர்களைப் பார்த்துப் பேசிய தலைமுறை இது. இவர்களுக்குப் பிறகு கேட்பதற்கு ஆள் இருக்காது.

மதராஸ் பாஸ்களில் ஊர்ப் பெயர்களைச் சரிபார்க்க உதவி தேவைப்பட்டால் நான் வருகிறேன். என்னைப்போல் ஓய்வுபெற்ற தாசில்தார்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேட்டால் மறுக்க மாட்டார்கள். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் நீங்கள் அதிகாரப்பூர்வமாக எழுதிக் கேளுங்கள்.

பசிபிக் படங்களைப் பற்றி முடிவெடுக்கும் குழுவில் பிஜியின் பூர்வகுடிகளிலிருந்தும் கிர்மித்தியர் வாரிசுகளிலிருந்தும் ஆட்களைச் சேருங்கள். ஆலோசனைக்கு மட்டும் அழைக்காதீர்கள், வாக்குரிமையோடு சேருங்கள்.

இந்த மடலுக்கான பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். பா நகரத்து அந்த மூதாட்டியின் பெயருக்கு, அச்சிட்ட படத்தோடு, வரும் மே 14 கிர்மித் நாளுக்கு முன் கிடைக்கும்படி அனுப்புங்கள்.